ஒரு இளஞ்சிவப்பு வீடும் பதினோரு பாடல்களும்

1968-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி அமெரிக்காவின் கேப்பிடல் நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயர் இல்லை. ஆல்பத்தின் பெயரும் இல்லை. சின்னக் குழந்தை வரைந்தது போல ஓர் ஓவியம் மட்டும். அதில் சில வாத்தியக்காரர்கள், கூடவே ஒரு யானை! வரைந்தவர் பாப் டிலன்.

அட்டையைத் திறந்தால் உள்ளே இன்னொரு ஆச்சரியம். ஒரு பண்ணையில் எடுத்த பெரிய குடும்பப் புகைப்படம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, குழந்தைகள் என்று கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் எங்கோ அந்த ஐந்து வாத்தியக்காரர்களும் நிற்கிறார்கள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அது எந்தக் காலம் என்று யோசித்தால் விஷயம் புரியும். முப்பது வயதுக்கு மேல் யாரையும் நம்பாதே என்று இளைஞர்கள் சொல்லிக்கொண்டு திரிந்த காலம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. அந்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார், ஜூனில் ராபர்ட் கென்னடி. பல வீடுகளில் அப்பாவும் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நிலை. அந்த நேரத்தில் ஒரு ராக் இசைக்குழு தன் அப்பா அம்மாவோடு நின்று படம் எடுத்து அதை ஆல்பத்துக்குள் போடுகிறது. அந்தப் படத்துக்கு அவர்கள் கொடுத்த தலைப்பு 'நெருங்கிய உறவினர்'.

அந்த ஆல்பத்தின் பெயர் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்'. குழுவின் பெயர் 'தி பேண்ட்'. ரூட்ஸ் ராக் என்று இன்று சொல்லப்படும் இசை வகையின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று இது. ஐந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்து செய்த இசை. பிறகு அதே இசை அந்த ஐவரை எப்படிப் பிரித்தது என்பதும் இதே கதையின் பகுதிதான்.

யார் இந்த ஐவர்?

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்திலிருந்து ரானி ஹாக்கின்ஸ் என்ற ராக் அண்ட் ரோல் பாடகர் கனடாவுக்குப் பிழைக்கப் போனார். அவரோடு போன டிரம்ஸ் வாத்தியக்காரர் லீவான் ஹெல்ம். டர்க்கி ஸ்க்ராட்ச் என்ற குக்கிராமத்தில் பருத்தி விவசாயியின் மகனாக வளர்ந்தவர். ஒண்டாரியோ மாகாணத்து மதுக்கூடங்களில் வாசித்தபடியே ஹாக்கின்ஸ் தன் பழைய ஆட்களுக்குப் பதிலாக உள்ளூர்ப் பையன்களை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டார். கிட்டாருக்கு ராபி ராபர்ட்சன், பேஸ் கிட்டாருக்கு ரிக் டாங்கோ, பியானோவுக்கு ரிச்சர்ட் மானுவல், ஆர்கனுக்கு கார்த் ஹட்சன். குழுவின் பெயர் 'ஹாக்ஸ்'.

இதில் கார்த் ஹட்சன் கதை சுவாரஸ்யமானது. முறையாக சங்கீதம் படித்தவர். மற்றவர்களை விட வயதில் மூத்தவர். மதுக்கூடத்தில் ராக் வாசிக்கப் போகிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் வாரம் பத்து டாலர் தனக்கு டியூஷன் ஃபீஸ் தர வேண்டும் என்றார். அப்போது அவர் ராக் குழுவில் ஒரு வாத்தியக்காரர் இல்லை, இசை ஆசிரியர்! மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். லீவான் இதைப் பல முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

ஹாக்கின்ஸை விட்டுப் பிரிந்த பிறகு 1965-ல் இவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. கையில் ஒற்றை கிட்டாரோடு நாட்டுப்பாடல் பாணியில் பாடிப் புகழ்பெற்ற பாப் டிலன் அப்போதுதான் எலெக்ட்ரிக் இசைக்கு மாறியிருந்தார். அவருக்குப் பின்னால் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. இவர்கள் போனார்கள். போன இடமெல்லாம் வசவு! பழைய ரசிகர்கள் டிலன் துரோகம் செய்துவிட்டதாக நினைத்தார்கள். இரவு தோறும் கூச்சல், ஊளை. 1966 மே 17-ம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு ரசிகர் டிலனைப் பார்த்து 'யூதாஸ்' என்று கத்தியது இசை வரலாற்றில் பிரபலமான சம்பவம்.

லீவான் அந்தக் கூச்சலைப் பார்க்க அங்கே இல்லை. தினமும் திட்டு வாங்க என்னால் முடியாது என்று 1965 நவம்பரிலேயே கிளம்பிவிட்டார். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் கூலி வேலை பார்த்தார் என்றால் அவர் எவ்வளவு வெறுத்துப் போயிருந்தார் என்று புரிந்துகொள்ளலாம்.

வீடு

1966 ஜூலை இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் அருகே டிலன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். சுற்றுப்பயணங்கள் நின்றன. ஹாக்ஸ் குழுவும் உட்ஸ்டாக் பக்கம் வந்து சேர்ந்தது. 1967-ல் டாங்கோ, மானுவல், ஹட்சன் மூவரும் பக்கத்தில் வெஸ்ட் சாகர்டீஸ் என்ற ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். சுற்றிலும் மரங்கள், மலை. வீட்டுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருந்தது. அதனால் 'பிக் பிங்க்'.

அந்த வீட்டின் நிலவறையில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு டிலனும் இவர்களும் மாதக்கணக்கில் வாசித்தார்கள். யாருக்காகவும் இல்லை. கேட்க ஆளில்லை, கத்தவும் ஆளில்லை. பழைய கண்ட்ரி பாட்டு, கப்பல்காரர் பாட்டு, தேவாலயப் பாட்டு, ப்ளூஸ், புதிதாக டிலன் எழுதியவை என்று நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் பதிவாயின. சுவர் கான்கிரீட். சத்தமாக வாசித்தால் எதிரொலி காதைக் கிழிக்கும். அதனால் மெதுவாக, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்தது. இவர்களுடைய பாணிக்குக் காரணம் தத்துவம் கொஞ்சம், இந்த நிலவறை நிறைய!

1967 இறுதியில் லீவானுக்கு அழைப்பு போனது. திரும்பி வந்தார். டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் கேப்பிடல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசி முடித்தார். குழுவுக்குப் பெயர் வைப்பதில்தான் குழப்பம். 'கிராக்கர்ஸ்' என்று ஒரு யோசனை. அது தென் மாநிலத்து ஏழை வெள்ளையரைக் கேலியாகச் சொல்லும் வார்த்தை. அது எடுபடவில்லை. உட்ஸ்டாக்கில் அக்கம்பக்கத்தார் இவர்களை வெறுமனே 'அந்த பேண்ட்' என்றுதான் சொல்லி வந்தார்கள். அதுவே பெயராக நிலைத்தது.

இசை எப்படி இருந்தது?

முந்தைய வருடம், 1967, பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்த வருடம். ராக் இசை முழுக்க வண்ணமயமான மயக்க நிலைக்குப் போயிருந்தது. ஸ்டுடியோ தந்திரங்கள், பின்னோக்கி ஓடும் டேப், கிட்டாரில் பத்து நிமிட சோலோ, காது கிழியும் சத்தம். பூப்போட்ட சட்டை.

இவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார்கள். கறுப்புத் தொப்பி, பழைய கோட்டு, மீசை. எலியட் லேண்டி எடுத்த படங்களைப் பார்த்தால் நூறு வருடங்களுக்கு முந்தைய மலைக்கிராமத்து ஆட்கள் போலத் தெரிவார்கள். ஆல்பத்தின் முதல் பாட்டே மெதுவான பாட்டு. ராக் ஆல்பத்தை யாரும் அப்படித் தொடங்க மாட்டார்கள். 'டியர்ஸ் ஆஃப் ரேஜ்' என்ற அந்தப் பாட்டு, பிள்ளையால் கைவிடப்பட்ட தகப்பனின் புலம்பல். மகன்கள் அப்பாக்களைத் திட்டிக்கொண்டிருந்த வருடத்தில் அப்பாவின் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு! மானுவலின் குரல் அதில் உடைந்து உடைந்து மேலே போகும்.

ஒலிப்பதிவு நியூயார்க்கின் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸில் முடிந்தது. தயாரிப்பாளர் ஜான் சைமன். ஒருவர் வாத்திய ஒலி மற்றவர் மைக்கில் விழாமல் இருக்க ஸ்டுடியோவில் நடுவே தடுப்புகள் வைப்பது வழக்கம். இவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. முகம் பார்க்காமல் வாசிக்கத் தெரியாது என்றார்கள். தடுப்புகள் போயின. நிலவறையில் உட்கார்ந்தது போலவே வட்டமாக உட்கார்ந்து பெரும்பகுதியை ஒன்றாகவே வாசித்தார்கள்.

அதன் விளைவை ஆல்பம் முழுக்கக் கேட்கலாம். டிரம்ஸ் மரப்பெட்டியைத் தட்டுவது போல மந்தமாக ஒலிக்கும். மானுவல், டாங்கோ, ஹெல்ம் என்று பாடகர்கள் மூன்று பேர். சினிமா கோரஸ் போல மூவரும் ஒட்டி வைத்த மாதிரிப் பாட மாட்டார்கள். ஒருவர் தொடங்க, அடுத்தவர் கொஞ்சம் தாமதமாகச் சேர, மூன்றாமவர் மேலே ஏற, தேவாலயத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து பாடுவது போல இருக்கும். வாத்தியங்களையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். 'தி வெயிட்' பாட்டில் ஆர்கன்காரரான ஹட்சன் பியானோ வாசிக்கிறார், பியானோக்காரரான மானுவல் ஆர்கனில் உட்காருகிறார். ராபர்ட்சனின் கிட்டார் பாதி நேரம் அடக்கி வாசிக்கிறது. 'செஸ்ட் ஃபீவர்' பாட்டின் தொடக்கத்தில் மட்டும் ஹட்சன் ஆர்கனைக் கட்டவிழ்த்துவிடுகிறார். அதில் பாக்கின் வாடை அடிக்கும். அவர் இளம் வயதில் தன் உறவினரின் சவச்சடங்கு நிலையத்தில் ஆர்கன் வாசித்தவர்.

இவ்வளவு 'அமெரிக்க மண் வாசனை' கொண்ட ஆல்பத்தைச் செய்த ஐவரில் நான்கு பேர் கனடாக்காரர்கள் என்பது வேடிக்கை. மண்ணுக்குச் சொந்தக்காரர் லீவான் மட்டும்.

வெளியே நடந்தது

விற்பனை என்று பார்த்தால் சுமார்தான். பில்போர்டு பட்டியலில் 30-ம் இடத்தோடு நின்றது. 'தி வெயிட்' தனிப்பாட்டாக அமெரிக்காவில் 63-ம் இடம். டாங்கோ கார் விபத்தில் கழுத்தில் அடிபட்டுக் கிடந்ததால் சுற்றுப்பயணமும் இல்லை. தி பேண்ட் என்ற பெயரில் அவர்களுடைய முதல் கச்சேரியே 1969 ஏப்ரலில்தான், சான் ஃப்ரான்சிஸ்கோவில்.

ஆனால் யார் வாங்கினார்கள் என்பதுதான் முக்கியம். வாங்கியவர்களில் பலர் இசைக்கலைஞர்கள்! உலகின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்றான 'க்ரீம்' அமைப்பின் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் இதைக் கேட்டு ஆடிப்போனார். தான் செய்துகொண்டிருப்பது தவறான பாதை என்று தோன்றியதாகப் பிறகு பல முறை சொன்னார். 1968 நவம்பரில் க்ரீம் தன் கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டது. அதற்கு உள் சண்டைகள் உட்பட வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் இந்த ஆல்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதே மாதம் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் உட்ஸ்டாக்குக்கு வந்து டிலனையும் இவர்களையும் பார்த்துவிட்டுப் போனார். இங்கிலாந்தின் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' குழு, அமெரிக்க வேரை இவர்கள் தேடினால் நாம் ஆங்கிலேய வேரைத் தேடுவோம் என்று கிளம்பியது. 1969-ல் அரீதா ஃப்ராங்க்ளின் 'தி வெயிட்' பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதல் இருபதுக்குள் கொண்டுபோனார். 'நாசரெத்' என்ற ஸ்காட்லாந்து ராக் குழு தன் பெயரையே இந்தப் பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

பாட்டு யாருடையது?

இனி கதையின் கசப்பான பாதி.

'தி வெயிட்' ஒரு வழிப்போக்கனின் கதை. களைத்துப்போய் ஓர் ஊருக்கு வருகிறான், படுக்க இடம் கேட்கிறான். சந்திக்கும் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சுமையை அவன் தலையில் ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு நல்லது செய்யப் போய் மாட்டிக்கொள்வது பற்றிய பாட்டு. இதை எழுதியவர் ராபி ராபர்ட்சன் என்றுதான் இசைத்தட்டில் இருக்கிறது. பாட்டில் வரும் ஊர்ப் பெயர், பென்சில்வேனியாவில் மார்ட்டின் கிட்டார்கள் தயாராகும் நாசரெத். தன் கிட்டாருக்குள் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்து அந்தப் பெயரை எடுத்ததாக ராபர்ட்சன் சொன்னார். ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவேலின் படங்கள்தான் கருவுக்குத் தூண்டுதல் என்றும் சொன்னார்.

சரி. ஆனால் பாட்டில் வரும் ஒரு பெண்ணின் பெயர் லீவானின் ஊர்க்காரத் தோழியின் பெயர். வேறு சில பாத்திரங்களும் அவர்கள் வாழ்வில் வந்துபோன ஆட்கள்தான். பாட்டின் பேச்சு நடை ஆர்க்கன்சா நடை. பாடுவது லீவானும் டாங்கோவும். பாட்டை அடையாளம் காட்டுவது படிப்படியாகச் சேரும் அந்தக் குரல்கள். இப்போது சொல்லுங்கள், இது யாருடைய பாட்டு?

சட்டத்தின் பதில் தெளிவானது. வரிகளையும் மெட்டையும் எழுதியவருடையது. பணமும் அந்த வழியில்தான் போகும். அன்று அமெரிக்கச் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டிலும் ஒரு பாட்டுக்கு எழுத்துரிமைத் தொகை 2 செண்ட். உதாரணத்துக்கு ஒரு லட்சம் தட்டு விற்றால் ஒரு பாட்டுக்கு 2,000 டாலர். இது பாட்டு எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும். வாசித்தவர்களுக்கு வேறு கணக்கு. ஒலிப்பதிவுச் செலவை நிறுவனம் கழித்துக்கொண்ட பிறகு மீதியில் பங்கு. வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டு, வாசித்தவருக்கு இல்லை. அரீதா ஃப்ராங்க்ளின் பாடினாலும் எழுதியவருக்குத்தான். சுற்றுப்பயணம் நின்றால் வாசிப்பவரின் வருமானம் நின்றுவிடும். எழுதியவரின் வருமானம் அவர் தூங்கும்போதும் வந்துகொண்டிருக்கும்.

முதல் ஆல்பத்தில் இந்தக் கணக்கு ஓரளவு சமமாகத்தான் இருந்தது. 11 பாடல்களில் ராபர்ட்சன் பெயரில் 4. மானுவல் தனியாக 3, டிலனோடு சேர்ந்து 1. டாங்கோ டிலனோடு சேர்ந்து 1. டிலன் தனியாக 1. மீதி ஒன்று 'லாங் பிளாக் வெய்ல்' என்ற பழைய கண்ட்ரி பாட்டு. 1969-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் 12 பாடல்கள். பன்னிரண்டிலும் ராபர்ட்சன் பெயர் இருந்தது. நான்கில் மட்டும் கூட ஒருவர் பெயர். 1970-க்குப் பிறகு மானுவலின் பெயர் எழுத்தாளர் பட்டியலிலிருந்து மறைந்தேவிட்டது.

லீவான் 1993-ல் எழுதிய சுயசரிதையில் கொட்டித் தீர்த்தார். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கியதற்கு ஒருவர் பெயர் மட்டும் எப்படி வந்தது என்பது அவர் கேள்வி. ராபர்ட்சனின் பதிலையும் கேட்க வேண்டும். மற்றவர்கள் தூங்கும்போதும் குடித்துவிட்டுக் கிடக்கும்போதும் பேனாவோடு உட்கார்ந்தது தான்தான், எழுதச் சொல்லி மானுவலைக் கெஞ்சியும் பலனில்லை என்றார். அதிலும் உண்மை உண்டு. குடியும் போதையும் குழுவைத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சோகம். ராபர்ட்சன் சொல்வது தாளில் எழுதியதைப் பற்றி. லீவான் சொல்வது அறையில் நடந்ததைப் பற்றி. தாளில் எழுதியதற்கு சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. அறையில் நடந்ததற்குப் பெயரே கிடையாது. தடுப்புகளை எடுத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்ததால் பிறந்த ஒலிக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. மற்ற பல குழுக்களில் இது பெரிய பிரச்சினை ஆகாமல் போகலாம். ஆனால் இந்தக் குழுவின் பெருமையே அந்த வட்டம்தான். அட்டையில்கூடத் தங்கள் பெயரைப் போடாதவர்கள், உள்ளே இருந்த பொடி எழுத்தில் யார் பெயர் என்பதற்காக வாழ்நாள் முழுக்கப் பேசாமல் போனார்கள்.

பிறகு

1976 நவம்பர் 25-ம் தேதி சான் ஃப்ரான்சிஸ்கோவில் பெரிய பிரிவு விழாக் கச்சேரி நடந்தது. மார்ட்டின் ஸ்கார்சேஸி அதை 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்று படமாக்கினார். ராபர்ட்சன் விலகிக்கொண்டார். மற்ற நால்வரும் 1983-ல் மீண்டும் சேர்ந்து சிறிய அரங்குகளில் வாசித்தார்கள். அப்படி ஒரு ஃப்ளோரிடா பயணத்தில், 1986 மார்ச்சில், மானுவல் தற்கொலை செய்துகொண்டார். 1994-ல் ராக் அண்ட் ரோல் புகழ் அரங்கில் குழுவைச் சேர்த்தபோது வரவேற்றுப் பேசியவர் அதே எரிக் கிளாப்டன். லீவான் அந்த விழாவுக்கு வரவில்லை. 1999-ல் டாங்கோ இறந்தார்.

லீவானுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது, குரல் போனது. மருத்துவக் கடனை அடைக்க உட்ஸ்டாக்கில் தன் வீட்டுக் களஞ்சியத்திலேயே இரவுக் கச்சேரிகள் நடத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பியது. 2008-ல் கிராமி விருதும் வாங்கினார். 2012 ஏப்ரலில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது ராபர்ட்சன் மருத்துவமனைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லீவான் அப்போது பேசும் நிலையில் இல்லை.

ராபர்ட்சன் 2023 ஆகஸ்டில் காலமானார். கடைசியாக, 2025 ஜனவரியில், ஆசிரியர் கார்த் ஹட்சனும். ஐவரில் ஒருவரும் இன்று இல்லை. வீடு மட்டும் இருக்கிறது.

கேட்க நினைப்பவர்கள் முதலில் 'தி வெயிட்' கேளுங்கள். பல்லவியின் கடைசியில் குரல்கள் ஒவ்வொன்றாகச் சேரும் இடத்தைக் கவனியுங்கள். முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர், பிறகு மூன்றாமவர். அந்த இடத்தை யார் எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இசைத்தட்டில் ஒரு பதில் இருக்கிறது. காதுக்கு வேறு பதில் கேட்கும்.